மணியக்காரரின் இரண்டு கவலைகள்

கிழக்கிந்தியக் கும்பினி ஆண்ட காலம். கோழி கூவுமுன்பே கிணற்று மேட்டில் எருதுகளின் மணியோசை கேட்டுவிடும். எருதுகள் சரிவான வாரியில் இறங்க இறங்க வடம் இழுபடும், நீர் நிறைந்த தோல் சால் மேலே வரும், தோல் குழாயான தும்பி வழியே தொட்டியில் கொட்டும். பிறகு எருதுகள் பின்னுக்கு நடந்தே மேடேற வேண்டும். கொங்குச் சீமையில் இதற்குப் பெயர் கவலை. வெயில் ஏறுவதற்குள் ராகிப் பாத்தி நனைந்தாக வேண்டும்.

தோட்டம் ஊர்த் தலைவரான மணியக்காரருடையது. தோல் சாலைத் தைத்துக் கொடுத்தவர், தோல் வேலை செய்யும் சாதியைச் சேர்ந்த ஒரு மாதாரி. எருதை ஓட்டுபவரும் பல தோட்டங்களில் அவரே. கூலி பெரும்பாலும் தானியம்.

கம்பங்கூழைக் குடித்துவிட்டு மணியக்காரர் சாவடிக்குப் போனால், அங்கே அவர் வேறு ஆள். தாமஸ் மன்றோ தலைமையிலான குழுவின் யோசனைப்படி 1816-இல் மதராஸ் அரசு கொண்டுவந்த சட்டங்கள், ஊர்த் தலைவரைக் கிராம முன்சீப் ஆக்கின. 10 ரூபாய் வரையிலான கடன் வழக்கை அவரே தீர்க்கலாம். இரு தரப்பும் சம்மதித்தால் 100 ரூபாய் வரை மத்தியஸ்தம் செய்யலாம்.

போலீஸ் வேலையும் அவர் தலையில்தான். வாய்ச்சண்டை, சில்லறை அடிதடி என்றால் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். குற்றவாளி 'தாழ்ந்த சாதி' என்றால் தொழுமரத்தில் 6 மணி நேரம் வரை பூட்டலாம். இந்த வேறுபாட்டை ஊர்வழக்கம் என்று தள்ளிவிட முடியாது. கும்பினியின் சட்டப் புத்தகத்திலேயே அது அச்சாகியிருந்தது. காலையில் கவலை ஓட்டிய மாதாரி மாலையில் தொழுமரத்தில் கிடக்கச் சட்டம் இடம் கொடுத்தது.

இன்னொரு கவலை கிஸ்தி என்னும் நிலவரி. 1820-க்குப் பின் ரயத்வாரி முறை பரவியதும், வரி ஒவ்வொரு குடியானவர் பெயரிலும் தனித்தனியாக விழுந்தது. கர்ணம் கணக்கெழுத, மணியக்காரர் வசூலிக்க வேண்டும். பட்டாக்காரர் என்ற முறையில் தன் பங்கையும் கட்டவேண்டும்! மழை பொய்த்தாலும் மேலிருந்து வரும் நெருக்கடி குறையாது. வரி பாக்கிக்காரரை வெயிலில் குனியவைத்து நிறுத்தியதையும், விரல்களைக் கிட்டிக்கட்டையில் நெரித்ததையும் 1855-இல் மதராஸ் சித்திரவதை விசாரணைக் குழு அரசுக்கே அறிக்கையாக எழுதிக் கொடுத்தது.

ஆண்டுதோறும் வரிக்கணக்கைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி நெருங்கிவிட்டால் மணியக்காரருக்குச் சாவடியே வீடு. கர்ணத்தோடு உட்கார்ந்து, எந்த வயல் தரிசு, எது விளைச்சல் என்று பேர் பேராகச் சரிபார்க்க வேண்டும். அந்த நாட்களிலும் தோட்டத்துப் பயிருக்குத் தண்ணீர் வேண்டுமே. விடியலில் வாரியில் எருதைப் பூட்டுவது அதே மாதாரிதான்.