டெங்கு ஊசியும் பிலிப்பைன்ஸ் பாடமும்

"வெளிநாடு போறோம், டெங்குவுக்கு ஒரு ஊசி போட்டுக்கிட்டா போச்சு" என்று நினைப்பவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்க.

இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களை எதிரியின் குண்டு மட்டுமில்லை, டெங்குவும் படுக்க வைத்தது. கொசுதான் பரப்புதுன்னு ஆஸ்திரேலியாவில் பான்கிராஃப்ட் 1906லேயே சொல்லியாச்சு. சரி, தடுப்பூசி பண்ணலாம் என்று இறங்கியவர்களில் ஒருவர் ஆல்பர்ட் சேபின். (பிற்பாடு போலியோ சொட்டு மருந்து தந்தாரே, அவரேதான்!) அவர் கண்டுபிடித்தது: ஒரு வகை டெங்கு வந்து போனால் அதே வகை திரும்ப வராது. ஆனா வேற வகை சில மாசத்திலேயே வரலாம். மொத்தம் நாலு வகை.

1960களில் பாங்காக்கில் ஸ்காட் ஹால்ஸ்டெட் இன்னொரு விஷயத்தைக் கவனித்தார். உயிருக்கு ஆபத்தாகும் டெங்கு பெரும்பாலும் இரண்டாவது தடவை வருபவர்களுக்குத்தான். முதல் தடவை உடம்பில் உருவான எதிர்ப்புப் பொருளே, அடுத்த வகை வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவி செய்துவிடுகிறதாம். காவல்காரனே கதவைத் திறந்து விடுற மாதிரி!

இதை மறந்தால் என்ன ஆகும்? 2016 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு டெங்வாக்சியா போட ஆரம்பித்தது. ஹால்ஸ்டெட் அந்த வருஷமே எச்சரித்தார். 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டாச்சு. 2017 நவம்பரில் தயாரித்த சனோஃபி கம்பெனியே அறிவித்தது: முன்பு டெங்கு வராதவர்களுக்கு, ஊசிக்குப் பிறகு டெங்கு வந்தால் கடுமையாகலாம். அதாவது, ஊசியே அவர்களுக்கு 'முதல் டெங்கு' ஆகிவிட்டது. அடுத்த மாசமே திட்டம் நிறுத்தப்பட்டது. பெற்றோர்களுக்கு மற்ற தடுப்பூசிகள் மேலேயும் பயம் வந்துடுச்சு. 2019ல் அங்கே தட்டம்மை பரவியதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

2022ல் கியூடெங்கா என்ற ஊசி இந்தோனேசியாவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. மூன்று மாத இடைவெளியில் இரண்டு டோஸ். ஆனாலும் பிரிட்டனில், பயணிகளில் ஏற்கனவே டெங்கு வந்தவர்களுக்குத்தான் இதை யோசிக்கச் சொல்கிறார்கள். பழைய சூடு மறக்கலை பாருங்க.

ஆகவே டிக்கெட் எடுத்த கையோடு டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது, "எனக்கு முன்னாடி டெங்கு வந்திருக்கு" அல்லது "வந்ததில்லை" என்பதுதான். பெட்டியில் முழுக்கைச் சட்டையும் டீட் கலந்த கொசு விரட்டியும் இருக்கட்டும். 1946ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த மருந்துதான் இந்த டீட். ராத்திரி கொசுவலை மட்டும் போதாதுங்க. ஏடிஸ் கடிப்பது பகலில்!