பத்தடி எங்கிருந்து வந்தது?

மலருக்கு விளையாட்டு வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு நண்பர் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரே ஒரு அளவுதான். கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 10 அடி உயரம், அதாவது 3.05 மீட்டர். நந்தனத்தில் நம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்த எவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். ஆனால் ஏன் பத்தடி? படித்த காலத்தில் எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால், எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் ஆட்டத்தை விட்டுப் போயிருக்க மாட்டான்.

கதை 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் தொடங்குகிறது. அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 18 மாணவர்கள் கொண்ட ஒரு வகுப்பு. குளிர்காலம், வெளியே ஆட முடியாது, உள்ளே வெறும் தேகப்பயிற்சி. சலித்துப்போய் அடங்காமல் ஆடினார்கள். அவர்களைச் சமாளிக்க முடியாமல் இரண்டு ஆசிரியர்கள் ஏற்கெனவே கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவதாக மாட்டிக்கொண்டவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், கனடாக்காரர், வயது 30. இரண்டு வாரத்துக்குள் உள்ளரங்கில் ஆட ஒரு புது ஆட்டம் கண்டுபிடி என்று மேலதிகாரி லூதர் குலிக் சொல்லிவிட்டார்.

நெய்ஸ்மித் பள்ளிப் பணியாளரிடம் கேட்டது இரண்டு பெட்டி. கிடைத்தது இரண்டு பீச் பழக் கூடை. அவற்றைக் கூடத்தைச் சுற்றியிருந்த மேல்மாடத்தின் விளிம்பில் ஆணியடித்து மாட்டினார். அந்த விளிம்பு தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. அவ்வளவுதான் சங்கதி! ஆராய்ச்சியும் இல்லை, சாஸ்திரமும் இல்லை. மேல்மாடம் ஒன்பதடியில் இருந்திருந்தால் இன்று உலகம் முழுக்க வளையம் ஒன்பதடியில்தான் தொங்கும்.

டிசம்பர் 21 அன்று பக்கத்துக்கு ஒன்பது பேராக, கால்பந்தை வைத்து ஆடினார்கள். ஆட்டம் முழுக்க விழுந்தது ஒரே ஒரு கூடை. பிறகு மாடத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் குனிந்து பந்தைத் தட்டிவிட ஆரம்பித்ததால் கூடைக்குப் பின்னால் பலகை வந்தது. 1892-ல் ஸ்மித் கல்லூரியில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த செண்டா பெரன்சன் மைதானத்தையே மூன்றாகப் பிரித்து விதிகளை மாற்றிக்கொண்டார். ஆக, பிறந்த மறுவருஷமே ஒரு பயிற்சியாளர் தன் பிள்ளைகளுக்கு ஏற்றபடி ஆட்டத்தை வளைத்துவிட்டார். இதை நான் வெகு தாமதமாகத்தான் படித்தேன்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் நம் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் மேலாளராகப் போனவரும் அவர்தான். அவர் உருவாக்கிய பி.டி. வாத்தியார்கள் ஊர் ஊராகப் போனார்கள். அந்த வரிசையில் கடைசி வாலாக நானும் சர்டிபிகேட்டோடு சொந்த ஊர் திரும்பினேன்.

ஐயம்பேட்டை காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் வழியில் இருக்கிறது. அப்போது வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் கோர்வை போட இன்னொரு கை வேண்டும். கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். பல வீட்டில் அந்த ஆள் பத்து வயதுப் பையன்தான். அவன் தறியை விட்டு எழுந்து வந்தால்தான் எனக்கு ஆட்டக்காரன். அப்பாக்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, பொழுது சாயும் முன் ஒரு மணி நேரம் வாங்கினேன்.

வாங்கி என்ன செய்தேன்? பெரியவர்கள் ஆடும் பந்து, 600 கிராம் சுமாருக்கு. பத்தடி வளையம். "எம்பிப் போடுடா, எம்பிப் போடு" என்று கத்தல். பிள்ளைகள் இரண்டு கையாலும் இடுப்பிலிருந்து மண் அள்ளி வீசுவதுபோல வீசினார்கள். பந்து வலையைக்கூடத் தொடாது. நான் சொன்னதும் கேட்கும் பையன் ஒருவன் இருந்தான். நல்ல கால்வேகம், தறி நாடாவைத் தள்ளிப் பழகிய கை என்பதால் பாஸ் அம்பு மாதிரி போகும். ஆறேழு மாதம் வந்தான். ஒருநாள் நின்றுவிட்டான். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். தறியிலிருந்து தலை நிமிராமலே, "எட்டாது சார், எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றான். தறிதான் அவனை இழுத்துக்கொண்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மை அதுவல்ல. அப்பா விட்டார், நான்தான் விரட்டினேன்.

அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் நகரில் ஜே ஆர்ச்சர் என்பவர் 1950-லேயே சிறுவர்களுக்குச் சின்னப் பந்தும் எட்டரை அடி வளையமும் வைத்து ஆட விட்டிருக்கிறார். இன்று மினி பேஸ்கட்பாலில் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு வளையம் 2.60 மீட்டர்தான், ஐந்தாம் எண் பந்து அரைக் கிலோவைத் தாண்டாது. இதைத் தெரிந்துகொண்ட வாரமே வெல்டிங் பட்டறையில் சொல்லி, ஏற்றி இறக்குகிற மாதிரி ஒரு கம்பம் அடித்தேன். முதல் நாளே பிள்ளைகள் பந்தை நெற்றிக்கு மேல் வைத்து, மணிக்கட்டை மடக்கிப் போட ஆரம்பித்தார்கள். அதுவரை நான் தொண்டை கிழியச் சொல்லியும் வராத மணிக்கட்டு! கைக்கு எட்டுகிற உயரம் என்றதும் தானாக வந்தது.

"இது நிஜ பேஸ்கட்பாலா சார்? மேட்ச்சுக்குப் போனா பத்தடிதானே?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்விதான். வளர வளர ஏற்றிக்கொண்டே போவோம் அம்மா என்றேன்.

இங்கே இளைய மாணவர்களுக்கு ஒரு சங்கதி. ஆட்டத்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித், கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சி கொடுத்தபோது 55 ஆட்டம் ஜெயித்து 60 தோற்றார். தோல்விக் கணக்கு கூடுதலான ஒரே கான்சாஸ் பயிற்சியாளர் அவர்தான். இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியது.

அந்தப் பையன் இப்போதும் ஊரில்தான் இருக்கிறான். எதிரில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா சார்" என்பான். விளையாட்டைப் பற்றி நாங்கள் இருவருமே பேசுவதில்லை.

போன மாதம் மழைக்குப் பிறகு வளையத்தை அளந்து பார்த்தேன். எட்டேமுக்கால் அடி இருந்தது. கம்பம் நகரவில்லை, கீழே மண் அரித்துப் போயிருந்தது. நாலு கூடை செம்மண் கொட்டச் சொல்லியிருக்கிறேன்.