லீவன்ஹூக் சொல்லாமல் போன ரகசியம்

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1632-ஆம் ஆண்டு பிறந்த ஆண்டனி வான் லீவன்ஹூக் ஒரு துணி வியாபாரி. கல்லூரிப் படிப்பு கிடையாது. அக்கால அறிஞர்களின் மொழியான இலத்தீனும் தெரியாது. தெரிந்தது டச்சு மட்டும்தான். ஆனால் உயிரினங்களின் நுண்ணுலகைப் பற்றிய வரலாற்றை அவரை விட்டுவிட்டு யாரும் எழுத முடியாது.

அவர் செய்த கருவியைப் பார்த்தால், இதுவா நுண்ணோக்கி என்று கேட்கத் தோன்றும்! பள்ளி ஆய்வகத்தில் இருப்பது போல நீண்ட குழல் அதில் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு உலோகத் தகடுகள், அவற்றின் நடுவே மிகச் சிறிய ஒரே ஒரு லென்ஸ், பின்புறம் ஓர் ஊசி, அதை நகர்த்த ஒரு திருகு, அவ்வளவுதான். பொருளை ஊசி முனையில் பொருத்தி, கருவியைக் கண்ணோடு ஒட்டிவைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். பல லென்ஸ்கள் கொண்ட கூட்டு நுண்ணோக்கிகள் அப்போதே இருந்தன. ஆனால் அவற்றில் உருவம் மங்கியது. ஓரங்களில் வண்ணங்கள் படர்ந்தன. ஒற்றை லென்ஸில் இந்தத் தொல்லை குறைவு. இன்று உட்ரெக்ட் நகரில் இருக்கும் அவருடைய கருவி ஒன்று, பொருளை சுமார் 266 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

1673-இல் டெல்ஃப்ட் மருத்துவர் ரெய்னியர் டி கிராஃப் இவரைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அதன்பின் கடிதங்கள் போகத் தொடங்கின. மறு ஆண்டே இரத்தத்தின் சிவப்பணுக்களை விவரித்தார். பசுவின் பார்வை நரம்பு குழாய் போல உள்ளே வெற்றாக இருக்கிறதா என்பது அப்போது ஒரு விவாதம். லீவன்ஹூக் நரம்பை அறுத்துப் பார்த்தார், குழாய் எதுவும் தெரியவில்லை. உலர்த்திய அந்த நரம்பைச் சீவி, மெல்லிய துண்டுகளைக் கடிதத்தோடு லண்டனுக்கே அனுப்பிவைத்தார்.

பெரிய சோதனை 1676-இல் வந்தது. மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய, அதைத் தண்ணீரில் ஊறவைத்திருந்தார். காரத்தின் காரணம் கிடைக்கவில்லை. அந்த நீரில் கணக்கற்ற சிற்றுயிர்கள் நெளிந்துகொண்டிருந்தன! அக்டோபர் 9 தேதியிட்ட நீண்ட கடிதத்தில் இதை எழுதினார். லண்டனில் பலர் நம்பவில்லை. பாதிரியார்கள் உட்பட எட்டுப் பேரிடம் கண்ணால் கண்டோம் என்று எழுதி வாங்கி அனுப்ப வேண்டியதாயிற்று. கடைசியில் 1677 நவம்பரில் ராபர்ட் ஹூக் தாமே மிளகு நீர் தயாரித்து, சிற்றுயிர்களை உறுப்பினர்களுக்குக் காட்டிய பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது. 1680-இல் லீவன்ஹூக் சொசைட்டியின் உறுப்பினரானார்.

இவ்வளவு சிரமம் எதற்கு? லென்ஸ் செய்யும் விதத்தை அவரே சொல்லியிருந்தால் எவரும் செய்து பார்த்திருக்கலாமே! அவர் சொல்லவில்லை. வீடு தேடி வந்தவர்களுக்குச் சாதாரணக் கருவிகளைக் காட்டினார், சிறந்தவற்றைக் காட்டுவதில்லை. மிகச் சிறிய உயிர்களைப் பார்க்கும் முறையைத் தனக்கு மட்டுமே வைத்துக்கொள்வதாக வெளிப்படையாகவே எழுதினார். உழைப்பாளி என்ற மதிப்பு ஒருபுறம் இருந்தாலும், அறிவியலுக்கு இது நட்டம்தான்.

கண்டவை என்னவோ ஏராளம். தசை நார்களின் குறுக்கு வரிகள், பல்லின் அழுக்கில் வாழும் பாக்டீரியாக்கள், விந்தணுக்கள்... தவளையின் நுரையீரலில் நுண்குழாய்களை இத்தாலியின் மால்பீகி 1661-லேயே கண்டிருந்தார். லீவன்ஹூக் 1688-இல் தலைப்பிரட்டையின் வாலில் அவற்றின் வழியே இரத்தம் ஓடுவதை விரிவாக விவரித்தார். 1698-இல் டெல்ஃப்ட் வந்த ரஷ்யப் பேரரசர் பீட்டருக்கும் விலாங்கு மீனின் இரத்த ஓட்டத்தைக் காட்டினார்.

1723-இல் தமது 90-ஆம் வயதில் இறந்தார். 500-க்கும் மேற்பட்ட லென்ஸ்கள் செய்தவர். ராயல் சொசைட்டிக்கு அவர் விட்டுச்சென்ற 26 வெள்ளி நுண்ணோக்கிகள் பிற்காலத்தில் காணாமல் போய்விட்டன. பசு நரம்பின் துண்டுகளோ தப்பித்தன! பிரையன் ஃபோர்டு என்ற ஆய்வாளர் 1981-இல் பழைய கடிதங்களோடு இருந்த சிறு பொட்டலங்களில் அவற்றைக் கண்டெடுத்தார்.

லென்ஸின் ரகசியம் உடைந்தது 2021-இல். கருவிகளைப் பிரித்தால் பாழாகிவிடும் என்பதால், எஞ்சியிருந்த இரண்டை டெல்ஃப்ட்டிலேயே நியூட்ரான் கதிர்களால் ஊடுருவிப் படமெடுத்தார்கள். லைடன் அருங்காட்சியகக் கருவியில் தேய்த்துச் செய்த லென்ஸ் இருந்தது. அதிக ஆற்றல் கொண்ட உட்ரெக்ட் கருவியில் இருந்தது கண்ணாடி இழையைத் தீயில் உருக்கிச் செய்த ஒரு குட்டி உருண்டை. இந்த முறை ரகசியமே அல்ல! ஹூக் 1665-இல் வெளியிட்ட தம் 'மைக்ரோகிராஃபியா' நூலின் முன்னுரையிலேயே அதை எழுதியிருந்தார். 1678-இல் மறுபடியும் விளக்கினார். கண்ணுக்குத் தொல்லை என்று ஹூக் அதை அதிகம் பயன்படுத்தவில்லை.

ஆனால் வெளிச்சத்தை எந்தக் கோணத்தில் வாங்கினார், நீர்த்துளியை எப்படி வைத்துப் பார்த்தார் என்பதை நியூட்ரான் படம் காட்டாது. தனக்கு மட்டும் என்று அவர் வைத்துக்கொண்டது அந்த முறையைத்தான்.