துண்டு யார் கையில்? மாத்தளை மலைத் தோட்டங்களின் மருத்துவ வரலாறு

ரிவர்ஸ்டன் என்றால் நம்மில் பலருக்கு நினைவு வருவது காத்தும் பனிமூட்டமும் உச்சியிலே நிற்கிற கோபுரமும்தான். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியா மேலே ஏறுகிற அந்த ரோட்டில்தான் படம் பிடிக்கப் போகிறோம். அதே ரோட்டின் இரண்டு பக்கமும் தேயிலைத் தோட்டங்கள், லயங்கள், சின்னச் சின்ன தோட்ட டிஸ்பென்சரிகள் இருக்கு. அங்கே ராத்திரியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால் என்ன நடக்கும் என்று நாம் அநேகமாக யோசிப்பதில்லை.

இதை இப்ப எழுதக் காரணம் இருக்கு. 2022 நெருக்கடியில் ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல் போனதைப் பார்த்தோம். அதுக்குப் பிறகு, "இலவச மருத்துவத்தை அரசாங்கத்தால் தாங்க முடியாது, காப்புறுதி முறைக்கு மாறலாம்" என்ற பேச்சு அடிக்கடி கேட்குது. காசை யார் கட்டுவது என்பதுதான் அந்தப் பேச்சின் மையம். மாத்தளை மலைகளில் இந்தக் கேள்வி புதுசு இல்லை. நூற்றைம்பது வருசத்துக்கு முன்னமே ஒரு பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.

கோப்பிக் காலத்திலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிச் சனங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியா தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வடக்குப் பாதை என்று சொல்வது அதைத்தான். கொலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அந்த நடையின் முடிவில் கண்ணில் பட்ட முதல் பெரிய ஊர் மாத்தளை. அங்கிருந்துதான் மலைக்குப் பிரிந்து போனார்கள்.

சாவு கூடினால் தோட்டத்துக்கு ஆள் கிடைக்காது. அதனால் 1872இல் பிரித்தானிய அரசு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்து வைத்தியரும் ஆஸ்பத்திரியும் வைப்பது, செலவில் ஒரு பங்கைத் தோட்டக்காரர்களிடம் வரியாக வாங்குவது என்பது திட்டம். எல்லாத் தோட்டமும் பணம் போட, நோயாளிக்கு அதிலிருந்து செலவு செய்வது. சொல்லப்போனா இது காப்புறுதிக்குப் பக்கத்தில் வருகிற யோசனைதான். பாடப்புத்தகங்கள் சுகாதாரக் காப்புறுதியின் தொடக்கமாகச் சொல்கிற பிஸ்மார்க்கின் ஜெர்மன் சட்டம் வந்தது 1883இல். அதுக்கு பதினொரு வருசம் பிந்தி.

பணம் வந்தது, ஆஸ்பத்திரிகளும் வந்தன. ஆனா நோயாளி வந்து சேர்வது கஷ்டமா இருந்தது. மலைத் தோட்டத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் பல மைல். அதைவிடப் பெரிய தடை, ஒருத்தர் நோயாளியா இல்லையா என்று முடிவு செய்தது துரையும் கங்காணியும் என்பது. வேலைக்கு ஆள் குறையும் என்று கடைசி நேரத்தில்தான் அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களில் பலர் அங்கேயே இறந்தார்கள். அதனால் ஆஸ்பத்திரி என்றாலே சாகப் போகிற இடம் என்று சனங்கள் பயந்தார்கள். மேலதிகாரிகளோ அதைப் பார்த்து, 'கூலிகளுக்கு மூடநம்பிக்கை' என்றார்கள்.

இந்த இடத்தில் 'துண்டு' என்ற சொல்லைக் கவனிக்கணும். வரும்போதே முற்பணக் கடனோடு வந்த தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டும் என்றால், கடனைக் கட்டினால் இவரை விடுவிப்போம் என்று துரை எழுதித் தருகிற துண்டு வேண்டும். அது இல்லாமல் அசைய முடியாது. இந்த முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அசையவே அனுமதி தேவைப்பட்ட ஒருவருக்கு, வைத்தியரைப் பார்க்கும் உரிமை மட்டும் தனியாக எப்படி இருந்திருக்கும்?

1912இல் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. நோயாளிகளைக் கண்டறிந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் கவனிப்பது, பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதம் சாப்பாடும் தங்குமிடமும் கொடுப்பது எல்லாம் தோட்ட நிர்வாகத்தின் கடமை என்றது. 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. நல்ல சட்டங்கள்தான். ஆனா ஒவ்வொன்றிலும் பொறுப்பு நிர்வாகத்திடமே போனது. வேலை வாங்குகிறவரே வைத்தியத்துக்கும் வாசல்காவலாக இருந்தார்.

பிறகு நாடு மாறியது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்ததால் கிராமங்களில் வாக்குக் கேட்டவர்கள் ஆஸ்பத்திரி கட்டித் தர வேண்டியிருந்தது. 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் எடுபட்டது. இன்றைக்கு உலகமே இலங்கையைப் பாராட்டுகிற இலவச மருத்துவம் அப்படி வளர்ந்தது. ஆனா 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிவிட்டது. வாக்கு இல்லாத சனங்களுக்காக யார் ஆஸ்பத்திரி கேட்பார்கள்? கிராமத்துக்கு அரசாங்க மருத்துவம், தோட்டத்துக்குத் தோட்ட மருத்துவம் என்ற பிரிவு அப்படியே நின்றது.

அதன் விலை 1974இல் தெரிந்தது. உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் சாவு வீதம் சட்டென்று உயர்ந்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் திரும்பவும் தனியார் கம்பனிகளுக்குப் போனது. 1990களிலிருந்து சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. மற்ற இடங்களில் இன்னும் முதல் வைத்தியம் ஈ.எம்.ஏ. என்று சொல்கிற தோட்ட மருத்துவ உதவியாளரிடம்தான். 2016 சனத்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் கீழே வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுக்க 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7 சதவீதம்.

இப்ப காப்புறுதிக்கு வருவோம். நம்ம நாட்டில் அரச ஊழியருக்கு 1997 முதல் அக்ரஹார இருக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு 2017இல் சுரக்ஷா வந்தது. இந்தியாவில் இது இன்னும் பெரிசு: தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத், குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் ரூபாய் வரை. இதனால் பெரிய ஆபரேசன் செய்ய முடிந்தவர்கள் உண்டு, மறுக்கத் தேவையில்லை. ஆனா இந்திய அனுபவத்தை ஆராய்ந்த பலர் சொல்வது ஒன்றுதான்: இந்தத் திட்டங்கள் வார்டில் படுத்தால்தான் காசு தரும். சனங்களின் கைக்காசு கூடுதலாகப் போவது வெளிநோயாளர் மருந்துக்கும் சோதனைக்கும். இலங்கையிலும் மருத்துவச் செலவில் பாதிக்குக் கிட்ட சனங்கள் கையிலிருந்துதான் போகுது. அதிலும் பெரும் பங்கு மருந்து, சோதனை, தனியார் வைத்தியர் என்றுதான்.

ரிவர்ஸ்டன் அடிவாரத்து லயத்தில் இருக்கிற ஒருவருக்கு இதை வைத்துக் கணக்குப் போடுங்க. சீனி வருத்தத்துக்கு மாதம் ஒருக்கா கிளினிக் போகணும். போனால் அன்றைய பேர் இல்லை, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. பஸ் இல்லாத நேரமென்றால் த்ரீவீலுக்குக் காசு. அவசரத்துக்குத் தோட்ட வண்டி வேண்டுமென்றால் நிர்வாகத்தின் சம்மதம். காப்புறுதி அட்டை இந்த மூன்றில் எதையும் தொடாது. இவ்வளவு தடையில் கிளினிக்கைத் தள்ளிப்போட்டு, கால் புண் முற்றி வார்டுக்குப் போன பிறகுதான் அந்த அட்டைக்கு வேலை வரும்.

அதனால் நாங்கள் சொல்வது இதுதான். காசை எப்படித் திரட்டுவது என்று பேசட்டும், பேசத்தான் வேணும். ஆனா 1872 சட்டத்திலும் காசு இருந்தது. அப்போ இல்லாதது, நோயாளி தானாக எழுந்து யாரையும் கேட்காமல் வைத்தியரிடம் போகிற வழி. தோட்ட டிஸ்பென்சரிகளை அரசாங்க மருத்துவத்தோடு முழுசாகச் சேர்ப்பது, கிளினிக் நாளுக்குச் சம்பளத்தோடு லீவு, நிர்வாகத்தைக் கேட்காமல் வருகிற அம்புலன்ஸ், தமிழில் பேசக்கூடிய தாதியர்: எந்தச் சீர்திருத்தம் வந்தாலும் முதலில் இவை அதில் இருக்கா என்று பாருங்க. இல்லையென்றால் இது பழைய துண்டுதான். இப்ப பிளாஸ்டிக் அட்டையில் வருகுது, அவ்வளவுதான்.