பரீட்சைக்கு வந்த லினக்ஸ்

சில வருடம் முன்னால் அக்கா பையனின் அரசு லேப்டாப்பை ஆன் செய்தேன். விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்டது. பாஸ் என்பது சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து 2007-ல் வெளியிட்ட லினக்ஸ். "அதை நான் தொட்டதே இல்ல மாமா" என்றான்.

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம் அது. லினக்ஸ் வீடு வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் புழங்கவில்லை. ஏன்? பதில் தேடப் போய் கேரளாவில் நின்றேன்.

அங்கே ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001-ல் தொடங்கியபோது பாடம் விண்டோஸைச் சுற்றித்தான் இருந்தது. ஆசிரியர் சங்கத் தரப்பிலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. அரசுப் பள்ளி ஏன் ஒரே கம்பெனியின் சரக்கைச் சொல்லித்தர வேண்டும் என்பதுதான் சண்டை. படிப்படியாக லினக்ஸுக்கு மாறினார்கள். 2008 வாக்கில் பத்தாம் வகுப்பு ஐடி தேர்வு முழுக்க லினக்ஸில் நடந்தது. செய்முறைத் தேர்வு, எல்லா மாணவருக்கும்.

லைசென்ஸ் காசு மிச்சம் என்றுதான் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்தப் பரீட்சைதான் முக்கியமாகப் படுகிறது. மார்க் இருக்கிறது என்றால் லேப் திறக்கும், வாத்தியார் பயிற்சிக்குப் போவார். பள்ளிக்கு ஒரு ஆசிரியரை ஐடி பொறுப்பாளராகப் போட்டார்கள். இன்ஸ்டால் செய்வதும் பழுது பார்ப்பதும் மெல்ல அவர்கள் கைக்கே வந்தது.

இதில் கணக்கு வாத்தியார்களுக்கும் லாபம். மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-ல் ஆஸ்திரியாவில் தொடங்கிய ஜியோஜீப்ரா அங்கே வகுப்புக்குள் வந்தது. திரையில் முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுங்கள். மூன்று கோணமும் மாறும், கூட்டினால் 180 மட்டும் அசையாது. கரும்பலகையில் இதைக் காட்ட எத்தனை முக்கோணம் வரைவது!

நம்மூரில் நிலைமை வேறு. லேப்டாப் எல்லா பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் போனது, கணினிப் பாடமோ அந்த குரூப் எடுத்தவர்களுக்கு மட்டும். 2018-ல் வந்த புது பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் உபுண்டுவைச் சேர்த்தார்கள், நல்ல விஷயம். அக்கா பையன் அதற்கு முந்தின பேட்ச். அதிலும் பயாலஜி குரூப்.

போன பொங்கலுக்கு அந்த லேப்டாப்பை மறுபடி பார்த்தேன். பாஸ் இருந்த பார்ட்டிஷனை அழித்து சினிமா ஏற்றி வைத்திருந்தான்.