குழாயும் புல்வெளியும்: இங்கிலாந்துப் பண்ணை முகாம்களின் வரலாறு

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் பண்ணை முகாம் என்பது பெரும்பாலும் ஒரு மேய்ச்சல் நிலம்தான். அதன் ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கும். பழைய மாட்டுத் தொழுவத்தின் ஒரு பகுதியைத் தடுத்துக் கழிப்பறையாக்கியிருப்பார்கள். பண்ணை வீட்டுச் சுவரில் கட்டணம் போடுவதற்கு ஒரு தகரப் பெட்டி தொங்கும். பல இடங்களில் மின் இணைப்போ வெந்நீரோ கடையோ கிடையாது. வசந்தத்தில் குட்டி ஈன்ற செம்மறிகளும், குளிர்காலத்தில் அதே மந்தையும் நிற்கும் இடத்தில், கோடையின் சில வாரங்களுக்கு மட்டும் கூடாரங்கள் நிற்கின்றன. இந்த எளிமை வசதிக்குறைவால் மட்டும் வந்ததல்ல. நில உரிமை, தொற்றுநோய் பற்றிய அச்சம், சட்டங்கள் விட்டுவைத்த விலக்குகள் மூன்றும் சேர்ந்துதான் அந்தப் புல்வெளியை அப்படி வைத்திருக்கின்றன.

முதலில் நில உரிமை. சுவீடனில் யாரும் பிறர் நிலத்தில் ஓரிரவு கூடாரம் அடித்துக்கொள்ளலாம் என்பது தொன்றுதொட்ட வழக்கம். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஏறக்குறைய அதே உரிமையைத் தருகிறது. இங்கிலாந்தில் அது இல்லை. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றம் இயற்றிய ஆயிரக்கணக்கான வேலியடைப்புச் சட்டங்கள் ஊர்ப் பொது நிலங்களைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்து, சுவரும் வேலியும் எழுப்ப வைத்தன. 2000-இல் வந்த சட்டம் மலைகளிலும் புதர்வெளிகளிலும் நடந்து போகும் உரிமையைக் கொடுத்ததே தவிர, அங்கே படுத்து உறங்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. டார்ட்மூர் பொதுநிலங்கள் ஒன்றே முக்கியமான விதிவிலக்கு. அங்கும்கூட உரிமை உண்டா இல்லையா என்பது 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் உறுதியானது. ஆகவே இங்கிலாந்தில் கூடாரம் அடிக்க நினைப்பவர் பண்ணை வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும். பண்ணை முகாம்களின் வரலாறு அந்தக் கதவடியில்தான் தொடங்குகிறது.

புல்வெளியை ஓரிரவுக்கு வாடகைக்கு விடும் பழக்கம் உல்லாசப் பயணிகளுக்காகத் தோன்றியதல்ல, மாடுகளுக்காகத் தோன்றியது. ரயில் வருவதற்கு முன், வேல்ஸிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் மாட்டு மந்தைகளை லண்டன் சந்தைக்கு நடத்தியே கொண்டுவந்தார்கள். வாரக்கணக்கில் நீளும் நடை. மாடு மெலிந்தால் விலை போகாது என்பதால் ஒவ்வொரு மாலையும் புல்லும் தண்ணீரும் கிடைக்கும் இடமாகப் பார்த்து நிறுத்தினார்கள். வழியோர விவசாயிகள் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வயலைத் திறந்துவிட்டார்கள். பழைய பாதைகளின் ஓரம் ‘அரைப்பென்னி வயல்’ என்ற பெயர் இன்றும் சில இடங்களில் வழங்குவது, ஒரு மாட்டுக்கு ஓரிரவுக்கு வாங்கிய அந்தக் கூலியால்தான் என்று சொல்கிறார்கள். மந்தையோட்டிகள் பலர் மாடுகளுக்குக் காவலாக வயலிலேயே படுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில் வந்து இந்தத் தொழிலை முடித்துவைத்தது.

மனிதர்கள் பெருங்கூட்டமாகப் பண்ணை நிலத்தில் வந்து தங்கியது ஹாப்ஸ் அறுவடையின்போது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடி கென்ட் மாவட்டத்தில் ஏராளமாகப் பயிராயிற்று. செப்டம்பரில் சில வாரங்களுக்குள் அதன் காய்களைப் பறித்துவிட வேண்டும். உள்ளூர் ஆட்கள் போதாது. லண்டனின் கிழக்குப் பகுதி ஏழைக் குடும்பங்கள் பாட்டி முதல் கைக்குழந்தை வரை மூட்டை முடிச்சுகளோடு கிளம்பின. புகை மண்டிய சந்துகளில் வாழ்ந்தவர்களுக்குக் கூலியோடு கிடைத்த விடுமுறை அது ஒன்றுதான். தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்தவை தொழுவங்களும் கொட்டகைகளும் கந்தல் கூடாரங்களும். படுக்க வைக்கோலும் அடுப்பெரிக்க விறகுக் கட்டும் பண்ணைக்காரர் கொடுத்தார். குடிநீர் பக்கத்துக் குட்டையிலிருந்து.

அந்த வாழ்நிலையின் விலையை 1849 செப்டம்பரில் ஈஸ்ட் ஃபார்லி கிராமம் கண்டது. ஒரே பண்ணையில் தங்கியிருந்த பறிப்பாளர்களிடையே காலரா பரவி 43 பேர் இறந்தார்கள். ஊர் தேவாலயத்துக் கல்லறையில் அவர்களுக்கு ஒரு நினைவுக்குறி இருக்கிறது. இன்று முகாமுக்கு அனுமதி கேட்கும் விவசாயியிடம் ஆய்வாளர்கள் தண்ணீரையும் கழிவையும் பற்றி முதலில் விசாரிப்பதன் வேர் இப்படிப்பட்ட மரணங்களில் இருக்கிறது. பிற்பாடு செங்கல்லாலும் தகரத்தாலும் வரிசைக் குடிசைகள் எழுந்தன. குடும்பங்கள் ஆண்டுதோறும் அதே குடிசைக்கு வந்து சுண்ணாம்பு அடித்து, திரைச்சீலை மாட்டி, சில வாரங்களுக்கு வீடாக்கிக்கொண்டன. ஜார்ஜ் ஆர்வெல் 1931-இல் இந்தப் பறிப்பு வேலைக்குப் போய் அந்த வாழ்க்கையை எழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பறிக்கும் இயந்திரம் வந்ததும் அந்தக் கூட்டம் கலைந்தது.

தேவையின் பொருட்டன்றி மகிழ்ச்சிக்காகவே வயலில் தங்கும் வழக்கத்துக்கு வழி காட்டியவர் ஒரு தையற்காரர். தாமஸ் ஹிராம் ஹோல்டிங் சிறுவனாக இருந்தபோது, 1853-இல், பெற்றோருடன் அமெரிக்கப் புல்வெளிகளை வண்டித் தொடரில் கடந்தவர். அந்த நினைவு அவரை விடவில்லை. லண்டனில் தொழில் நடத்திக்கொண்டே படகிலும் பின்னர் சைக்கிளிலும் கூடாரம் கட்டிக்கொண்டு ஊர் சுற்றினார். சைக்கிளில் ஏற்ற வேண்டுமானால் கூடாரம் மடித்துச் சுருட்டும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். துணியின் குணம் தெரிந்த கை அதற்கு உதவியது: பட்டுத் துணியில் இலகுவான கூடாரங்களை அவரே வடிவமைத்தார். அயர்லாந்தின் கானமாரா பகுதியில் செய்த பயணத்தை 1898-இல் நூலாக வெளியிட்டார். அதைப் படித்தவர்களின் ஆர்வத்திலிருந்து 1901-இல் சைக்கிள் முகாமிகள் சங்கம் பிறந்தது. அவ்வாண்டு வான்டேஜ் என்ற சிற்றூரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் கூடாரம் அடித்ததே அதன் முதல் முகாம். 1908-இல் அவர் எழுதிய முகாமிகளின் கையேடு அந்தப் பொழுதுபோக்கின் அடிப்படை நூலாயிற்று. சங்கம் வேறு சில சங்கங்களோடு இணைந்து வளர்ந்தபோது தென்துருவப் பயணி ராபர்ட் ஸ்காட் அதன் தலைவரானார். முதல் உலகப் போருக்குப் பின் சாரணர் இயக்கத்தின் பேடன்-பவல் அந்த இடத்துக்கு வந்தார்.

சங்கத்தின் பெரும் பயன் விவசாயிக்கும் பயணிக்கும் இடையே நம்பிக்கையை உண்டாக்கியதுதான். முன்பின் தெரியாதவன் வந்து வயலைக் கேட்டால் விவசாயிக்குச் சந்தேகம் வருவது இயல்பு. வேலிக்கதவைத் திறந்து போட்டுவிட்டால் மந்தை சிதறும்; தீப்பொறி வைக்கோல் போரில் விழுந்தால் ஓராண்டு உழைப்பு போகும். உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர் கதவை மூடுவார், நெருப்பை அணைப்பார், குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்வார் என்ற உறுதி மெல்ல மெல்ல ஏற்பட்டது. விவசாயிக்கும் அந்தச் சில்லறை வருமானம் வேண்டியிருந்தது. 1870-களிலிருந்து அமெரிக்கத் தானியம் வந்து குவிந்ததில் விளைபொருள் விலை சரிந்து, சிறு பண்ணைகள் நீண்ட காலம் தள்ளாடின. கூடாரத்துக்கான காசோடு, காலையில் பாலும் முட்டையும் வெண்ணெயும் விற்றன. ஆர்தர் ரான்சம் 1930-இல் வெளியிட்ட ‘சுவாலோஸ் அண்ட் அமேசான்ஸ்’ நாவலில் ஏரித் தீவில் முகாமிடும் பிள்ளைகள் தினமும் படகில் போய்ப் பண்ணையில் பால் வாங்கி வருகிறார்கள். அது கற்பனை அலங்காரம் அல்ல. அக்காலத்தில் முகாமிட்டவர்களின் காலை வேலையே அது.

சமையலுக்கு விறகைத் தேடி வேலியை உடைக்காமலிருக்க உதவியது ஒரு சுவீடன் நாட்டுக் கண்டுபிடிப்பு. ஃபிரான்ஸ் லிண்ட்க்விஸ்ட் 1892 வாக்கில் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பு, மண்ணெண்ணெயை அழுத்தத்தால் மேலேற்றி, சூட்டில் ஆவியாக்கித் திரியில்லாமல் நீலச் சுடராக எரித்தது. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் எரிவாயு வரும்வரை உறுமிக்கொண்டிருந்த பம்ப் ஸ்டவ் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

1920, 1930-களில் பேருந்தும் மோட்டார் காரும் பெருகின. சட்டம் வர வேண்டிய நிலை வந்தது. கடற்கரை வயல்கள் சிலவற்றில் கூடாரங்களும் பழைய பேருந்துக் கூடுகளும் நிரந்தரமாக நின்று சுகாதாரக் கேடாயின. 1936-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் 269-ஆவது பிரிவு கூடார நிலங்களுக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும் என்றது. ஆனால் தொடர்ந்து 42 நாட்களுக்கோ, ஓராண்டில் 60 நாட்களுக்கோ மேற்படாமல் பயன்படும் நிலத்துக்கு உரிமம் தேவையில்லை. பொறுப்புள்ள சங்கங்களுக்கும் அது விலக்குச் சான்று கொடுத்தது. சிறு விவசாயியின் வயலைக் காப்பாற்றியவை இந்த இரண்டு விலக்குகளே. இரண்டாண்டில் ஊதியத்துடன் கூடிய விடுமுறைச் சட்டமும் வந்தது. போர் குறுக்கிட்டு, வயல்களில் விடுமுறைக் கூடாரங்களுக்குப் பதில் அறுவடைக்கு உதவ வந்த பள்ளி மாணவர்களின் முகாம்கள் நின்றன. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டிய கூடாரங்கள் மலிவாகக் கிடைத்தன. அந்தப் பருத்திக் கூடாரத்தில் மழை நேரத்தில் உள்பக்கம் விரல் பட்டால் போதும், பட்ட இடத்திலிருந்து ஒழுகத் தொடங்கிவிடும். தோள் படாமல் சுருண்டு படுக்கப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். 1951-இல் பீக் மாவட்டம் முதல் தேசியப் பூங்காவானது. கதவுகளை மூடிச் செல்லும்படி கேட்டுக்கொள்ளும் கிராமப்புற நடத்தை விதிகளும் அதே ஆண்டில் வெளியாயின.

இன்றைய பண்ணை முகாமின் அளவைத் தீர்மானித்தது 1960-இல் வந்த கேரவன் தளச் சட்டம். வீட்டுப் பஞ்சத்தால் கேரவன்களிலேயே குடியிருந்தவர்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த எழுந்த சட்டம் அது. விலக்குப் பெற்ற சங்கங்கள் சான்றளிக்கும் சிறு தளங்களில் ஐந்து கேரவன்கள் வரை உரிமமில்லாமல் நிற்கலாம் என்று அது அனுமதித்தது. நாடெங்கும் ‘ஐந்து வண்டி வயல்’கள் பரவியது இதனால்தான். ஆறாவது வண்டி வந்தால் விலக்கே போய்விடும் என்பதால் அவை பெரிதாகவும் இல்லை, வணிகப் பூங்காக்களாக மாறவும் இல்லை. சிறிதாக இருப்பதற்குச் சட்டமே பரிசளித்த அரிய சந்தர்ப்பம் இது.

அத்தகைய வயலுக்குத் தேவையானவை குடிநீரும் கழிவுத் தொட்டியும் மட்டுமே. கழிவுத் தொட்டியைப் பலர் ‘எல்சான்’ என்பார்கள். 1924-இல் எஃப்ரேம் லூயிஸ் ஜாக்சன் தொடங்கிய ரசாயனக் கழிப்பறை நிறுவனத்தின் பெயர் அது. அவருடைய முதலெழுத்துகளோடு சுகாதாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தொடக்கம் சேர்ந்து உருவானது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில்கூட அது இருந்தது. பண்ணையில் அது பெரும்பாலும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு மூடியும் ஒரு குழாயுமாக முடிந்துவிடும்.

பண்ணை முகாம் ஒன்றை நேரில் பார்ப்போம்: ஏரி மாவட்டத்தில் பாரோடேல் பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் இருக்கிறது சீத்வெயிட். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர் மழை. இங்கிலாந்தில் மக்கள் வாழும் ஊர்களில் இதுவே அதிக மழை பெறுவது என்பார்கள். சென்னையில் பெய்வதைப்போல் இரண்டரை மடங்கு. நாட்டின் உச்சமான 978 மீட்டர் ஸ்காஃபெல் பைக்குக்கு ஏறுபவர்கள் இந்தப் பண்ணை முற்றத்தின் வழியாகப் போகிறார்கள். சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவருக்குள் ஓடையோரம் கூடார வயல். சாம்பல் நிற ஹெர்ட்விக் ஆடுகள் சுவர்மேல் எட்டிப்பார்க்கும். மூன்று நாட்கள் ஒரே இடத்தில் நின்ற கூடாரத்தை எடுத்தால் அடியில் வெளிறிய மஞ்சள் சதுரம் தெரியும். மழையும் வெயிலும் பட்டு அது பச்சையாகச் சில வாரங்கள் பிடிக்கும். சட்டம் நாள் கணக்கு வைப்பதற்கு முன்பே புல் வைத்த கணக்கு அது. இவ்வட்டாரப் பண்ணைகள் பல நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பின் உடைமை, குத்தகைக்காரர்கள் நடத்துகிறார்கள். எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டர் 1943-இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தையும் பண்ணைகளையும் அந்த அமைப்புக்கு விட்டுச் சென்றார். மலைப்பண்ணைகள் விடுமுறை மாளிகைகளாகாமல் ஆடு வளர்க்கும் பண்ணைகளாகவே நீடித்ததற்கு அந்தக் கொடையும் ஒரு காரணம்.

2001 பிப்ரவரியில் கோமாரி நோய் வந்தது. 2,026 இடங்களில் நோய் உறுதியாகி, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. நோய் கண்ட இடங்களில் கிட்டத்தட்ட 900, ஏரி மாவட்டம் அடங்கிய கம்ப்ரியாவில். நடைபாதைகள் மூடப்பட்டன, வேலிக்கதவுகளில் கிருமிநாசினி நனைத்த வைக்கோல் விரிப்பும் ‘உள்ளே வராதீர்’ பலகையும். மந்தையை இழந்த விவசாயி கூடார வருமானத்தையும் அதே கோடையில் இழந்தார். கிராமப்புறத்துக்கு ஏற்பட்ட நட்டத்தில் சுற்றுலாவின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை அரசு அப்போதுதான் எண்ணிப் பார்த்தது. அதன்பின், பண்ணையோடு வேறு வருமானமும் தேடும்படி விவசாயிகளுக்குச் சொல்லப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு நிலப்பரப்பை வைத்துக் கொடுத்த மானியம் இங்கிலாந்தில் 2021 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டதும், கூடார வயல் பலருக்கு உபரி வருமானம் என்ற நிலையிலிருந்து உயிர்நாடியாக மாறியது.

திட்டமிடல் விதிகள் நெடுங்காலமாக ஓராண்டில் 28 நாட்களுக்குத்தான் தற்காலிகக் கூடார வயலை அனுமதித்தன. கொரோனா காலத்தில், 2020-லும் 2021-லும், அது 56 நாட்களாக்கப்பட்டது. வெளிநாடு போக முடியாதவர்கள் வயல்களை நிரப்பினார்கள். 2023 ஜூலை முதல் இங்கிலாந்தில் 60 நாட்கள், 50 கூடாரங்கள் வரை என்பது நிலையான விதி. உள்ளாட்சிக்கு ஆண்டுதோறும் தகவல் தர வேண்டும், கழிப்பறையும் கழிவகற்றும் ஏற்பாடும் இருக்க வேண்டும். 1936-இன் அறுபது நாள் எண்ணிக்கைக்கே சுற்றி வந்து சேர்ந்தாயிற்று.

பருவம் முடிந்ததும் விவசாயி வயலைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்க்கிறார். புல்லில் மறந்துபோன ஒரு கூடார முளை அடுத்த ஆண்டு புல் அறுக்கும் இயந்திரத்தின் கத்தியை உடைக்கும். அதற்கு முன்பே ஒரு ஆட்டின் குளம்பைக் கிழிக்கும். முளைகளைப் பொறுக்கி, உறைபனியில் வெடிக்காமலிருக்கக் குழாயின் தண்ணீரை வடித்துவிட்டு, வேலிக்கதவைத் திறந்து மந்தையை உள்ளே விடுகிறார்.