மின்னோட்டம் திரும்பும் வழி: பிளவுபட்ட கிரவுண்ட் தளத்துக்கு எதிராகச் சில வாதங்கள்

அனலாக் சுற்றும் டிஜிட்டல் சுற்றும் ஒரே பலகையில் அமையும்போது, கிரவுண்ட் தளத்தை இரண்டாக வெட்டி, ஏடிசி (அனலாக்-டிஜிட்டல் மாற்றி) சிப்புக்கு அடியில் ஒரே இடத்தில் இணைக்கும் வழக்கம் இன்றும் பரவலாக இருக்கிறது. டிஜிட்டல் பக்கத்து இரைச்சல் அனலாக் பக்கத்தை எட்டாமல் இந்த வெட்டு தடுக்கும் என்பது நம்பிக்கை. மின்காந்தக் குறுக்கீட்டைத் தவிர்க்கவென்றே போடப்படும் இவ்வெட்டு, பல பலகைகளில் குறுக்கீட்டுக்கே காரணமாகிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

செப்புத் தடத்தில் புறப்படும் மின்னோட்டம் மூலத்துக்குத் திரும்பியாக வேண்டும். நேர்மின்னோட்டம் என்றால் மின்தடை குறைவான வழிகளைத் தேடித் தளமெங்கும் பரவித் திரும்பும். அதிர்வெண் சில நூறு கிலோஹெர்ட்ஸைத் தாண்டிவிட்டால் கணக்கு மாறுகிறது. அப்போது வழியைத் தீர்மானிப்பது தூண்டல்; தூண்டல் மிகக் குறைந்த வழி தடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. தளத்துக்கு மேல் 0.2 மி.மீ. உயரத்தில் ஓடும் தடத்தை எடுத்துக்கொள்வோம். திரும்பும் மின்னோட்டத்தில் ஏறக்குறைய 87 விழுக்காடு, தடத்தின் இருபுறமும் 1 மி.மீ. அகலத்துக்குள்ளேயே அடங்கிவிடும், 2 மி.மீ. என்று வைத்தால் 94 விழுக்காடு. ஆக, வேகமான டிஜிட்டல் மின்னோட்டம் அனலாக் பகுதிக்குள் தானாகப் போய்த் திரிவதில்லை. பட்டியிலேயே கிடக்கும் மாட்டுக்குப் பயந்து ஊரைச் சுற்றி வேலி கட்டுகிறோம்.

வேலி வீண்செலவோடு முடிந்தால் பரவாயில்லை. வெட்டின் குறுக்கே ஒரு சிக்னல் தடம் போனால் கதை வேறு. கீழே வந்துகொண்டிருந்த திரும்பு மின்னோட்டம் வெட்டின் விளிம்பில் திசைமாறி, அதன் முனை வரை சென்று சுற்றிக்கொண்டு மறுகரைக்கு வர வேண்டும். 30 மி.மீ. சுற்றுவழி என்றால் பாதையில் சேரும் தூண்டல் தோராயமாக 30 நானோஹென்றி. ஒரு நானோ விநாடியில் 10 மில்லிஆம்பியர் மாறினால், வெட்டின் இரு கரைகளுக்கும் இடையே 0.3 வோல்ட் தோன்றுகிறது. ஒரே கிரவுண்ட் என்று வரைபடத்தில் குறித்த இரண்டு பரப்புகள், உண்மையில் ஒரு மின்னழுத்த மூலத்தின் இரு முனைகளாகிவிட்டன. அவற்றில் ஒன்றிலிருந்து சென்சார் கேபிளும் மற்றதிலிருந்து மின்வழங்கல் கேபிளும் வெளியேறுமானால், நாம் கட்டியிருப்பது ஒரு டைபோல் ஆண்டெனா.

இந்த ஆண்டெனாவுக்கு எவ்வளவு மின்னோட்டம் போதும்? அமெரிக்க எஃப்சிசி விதிகளின் பி வகுப்பில், 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை, 3 மீட்டர் தொலைவில் மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட்தான் வரம்பு. 50 மெகாஹெர்ட்ஸில் ஒரு மீட்டர் கேபிளில் 5 மைக்ரோஆம்பியர் பொதுமுறை மின்னோட்டம் (எல்லாக் கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடுவது) பாய்ந்தாலே இந்த வரம்பு மீறப்படும். அதே அளவு கதிர்வீச்சை 4 சதுர செ.மீ. பரப்புள்ள ஒரு மின்வளையத்திலிருந்து பெற வேண்டுமானால் 11 மில்லிஆம்பியர் தேவை. அதாவது இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். வெட்டில் தோன்றும் 0.3 வோல்ட் முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் குவிவதில்லை, பல சீரிசைகளாகப் பிரியும் என்பது உண்மைதான். ஆனால் கேபிளின் இம்பீடன்ஸை 150 ஓம் என்று கொண்டால், 5 மைக்ரோஆம்பியரை ஓட்ட ஒரு மில்லிவோல்ட்கூட வேண்டியதில்லை. சோதனைக்கூடத்தில் தோற்ற கருவியின் கேபிளைப் பிடுங்கியதும் உமிழ்வு சட்டென்று தணிவது பொறியாளர்கள் பலரும் கண்ட காட்சி, காரணம் இதுதான்.

“என் மைக்ரோகன்ட்ரோலர் ஓடுவதே 8 மெகாஹெர்ட்ஸில்தானே” என்ற பதிலை அடிக்கடி கேட்கலாம். உமிழ்வின் எல்லையை வகுப்பது துடிப்பின் ஏறுநேரம். ஏறுநேரம் ஒரு நானோ விநாடி என்றால் 318 மெகாஹெர்ட்ஸ் வரை சீரிசைகள் வலுவோடு இருக்கும், துடிப்பு எவ்வளவு மெதுவாக அடித்தாலும் சரி.

இந்தப் பழக்கம் நிலைத்ததற்கு ஏடிசி சிப்புகளின் கால்களுக்கும் பங்குண்டு. அனலாக் கிரவுண்ட், டிஜிட்டல் கிரவுண்ட் என்று இரண்டு கால்கள் இருப்பதைப் பார்த்ததும், இரண்டு தளங்கள் வேண்டும் என்ற முடிவுக்கு வருவது எளிது. சிப்புக்குள் டிஜிட்டல் பகுதியின் மின்னோட்டம், மெல்லிய இணைப்புக் கம்பியின் தூண்டல் வழியாக அனலாக் பகுதியைக் கெடுக்காதிருக்கவே அவை பிரிக்கப்பட்டன. வெளியே இரண்டையும் ஒரே தளத்தில், மிகக் குறுகிய வழியில் இணைப்பதே முறை.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. 35 மைக்ரான் தடிப்புள்ள செப்புத் தளத்தில் ஒரு சதுரத்தின் மின்தடை சுமார் 0.5 மில்லிஓம். ஒரு மோட்டாரின் ஒரு ஆம்பியர் மின்னோட்டம் அந்தச் சதுரத்தைக் கடந்தால் 0.5 மில்லிவோல்ட் விழும். 5 வோல்ட் வீச்சுள்ள 16 பிட் ஏடிசிக்கு ஒரு படியே 76 மைக்ரோவோல்ட் என்பதால், ஆறு படிகளுக்கு மேல் பிழை. குறைந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் தளமெங்கும் பரவும் என்று மேலே சொன்னேன். அந்த நிலையில் வெட்டு உதவக்கூடும். ஆனால் மோட்டார் இணைப்பியையும் மின்வழங்கல் இணைப்பியையும் அருகருகே வைத்து, அனலாக் பகுதியை அந்த வழியிலிருந்து விலக்கி வைத்தாலே பிழையின் பெரும்பகுதி மறையும். அதற்கு மேலும் வெட்டு வேண்டியிருந்தால் போடலாம், அதன் மேல் எந்தத் தடமும் போகாதவரை. 230 வோல்ட் மின்சாரத்திலிருந்து மனிதரைக் காக்கும் காப்பு இடைவெளி இதில் சேராது. அது பாதுகாப்புச் சட்டத்தின் ஆணை, தவிர்க்க முடியாதது.

மின்காந்த இணக்கத் துறைப் பொறியாளர் ஹென்றி ஆட் 2001இல் எழுதிய கட்டுரையிலும் 2009இல் வெளிவந்த தம் நூலிலும், வெட்டுவதற்குப் பதில் சுற்றுகளை இடம்பிரித்து வைக்கும்படி வலியுறுத்தினார். அதன் தர்க்கம் எளியது. எந்தத் தடமும் வெட்டைக் கடக்கவில்லை என்றால் வேகமான மின்னோட்டத்துக்கு வெட்டே தேவையில்லை. கடக்கிறது என்றால் வெட்டு தீங்கு. ஒரே ஏடிசி இருந்து, எல்லாத் தடங்களும் அதன் அடியிலுள்ள பாலத்தின் மேல் மட்டும் போனால் வெட்டு பிழைத்துக்கொள்ளும். மூன்று ஏடிசிகள் இருந்தால் மூன்று பாலங்கள் வேண்டும். அப்போது ‘ஒரே இடத்தில் இணைப்பு’ என்ற கோட்பாடே கைவிடப்பட்டுவிட்டது.

மாற்று வழியில் புதுமை எதுவும் இல்லை: முழுமையான ஒரு கிரவுண்ட் அடுக்கு, அதற்கு நெருக்கமாகச் சிக்னல் அடுக்கு, இயன்றவரை எல்லாக் கேபிள்களும் பலகையின் ஒரே ஓரத்தில். தடம் ஒரு கிரவுண்ட் அடுக்கைவிட்டு இன்னொன்றைச் சாரும் இடத்தில், இரண்டையும் இணைக்கும் துளையும் பக்கத்திலேயே வேண்டும். இத்தகைய நான்கடுக்குப் பலகை ஈரடுக்குப் பலகையைவிட விலை கூடியதுதான். மீண்டும் சோதனைக்கூடம் போகும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கூடுதல் விலை பெரும்பாலும் மலிவாகவே படும்.

வடிவமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பலகைக் கோப்பை உற்பத்திக்கு அனுப்பும் முன் கிரவுண்ட் அடுக்கையும் சிக்னல் அடுக்கையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வெட்டைக் கடக்கும் தடம் ஒன்றே ஒன்று தென்பட்டாலும், தடத்தை மாற்றுங்கள் அல்லது வெட்டை மூடுங்கள். ஃபெரைட்டையும் உலோக உறையையும் அதற்குப் பிறகு யோசிக்கலாம்.